ஜன்னல் பக்கத்து சீட்

தீபாவளி நெருங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்குப் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அப்படிப்பட்ட நாட்களில்தான் என் வீட்டுக்காரரின் தங்கச்சி செல்வியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்புவேன். அவளுக்குக் கண் தெரியாது. அவளுடைய வெள்ளைப் பிரம்பைக் கண்டதும் கண்டக்டர், "நங்கிட்ட இட தென்ன!" என்று, தங்கச்சிக்கு இடம் கொடுக்கும்படி சிங்களத்தில் சத்தமாகச் சொல்வார். முன்னால் ஒதுக்கப்பட்ட சீட்டில் இருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். துணைக்கு வந்தவள் என்று எனக்கும் இடம் கிடைக்கும். ஜன்னல் பக்கம் எப்போதும் நான்தான். கண் தெரியாதவளுக்கு ஜன்னல் எதற்கு என்று நினைப்பு.

போன தீபாவளிக்கும் அப்படித்தான் போனோம். பாதி வழியில் செல்வி என் கையைத் தொட்டாள்.

"அண்ணி, பஸ்ஸு காலியா இருக்கிற நாள்லயும் ஒரு தடவ என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஏன் புள்ள?"

"அன்னைக்கு நீங்க வேற சீட்டுல உக்காந்துக்கலாம். நான் ஜன்னல் பக்கம் உக்காருவேன். மொகத்துல காத்துப் பட்டா நல்லாருக்கும்ல."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அப்போதே எழுந்து இடம் மாறியிருக்கலாம். ஆனால், "இந்த நெரிசல்ல எப்புடி மார்றது? அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டவுன் வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.