ஒயர் உரசும் சத்தம்

முசரவாக்கத்தில் எங்கள் போர்க்கிணற்றின் நீரோட்டத்தை அளக்க, பக்கத்துக் கழனிக்காரர் அழைத்துவந்த மனிதர் அவர். வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். ஒயரில் கட்டிய சின்னப் பித்தளைச் சக்கரத்தைக் குழாய்க்குள் இறக்குவார். அடியில் தண்ணீர் ஓடினால் சக்கரம் சுழலும். சுற்றுக்குச் சுற்று இயர்போனில் ‘டிக்’ என்று கேட்கும். கேட்கும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார்.

என் காதிலும் மாட்டினார். டிக், டிக் என்று விடாமல் கேட்டது.

“தண்ணிதானேங்க?”

“இல்லம்மா, ஒயர் ஒரசுது. கீழ ஓட்டமே இல்ல, மூடிடுங்க.”

நம்பி மூடினோம்.

அந்தக் கோடையிலேயே பக்கத்துக் கழனிக்காரர் எங்கள் வரப்பை ஒட்டிப் போர் போட்டார். அளந்தவர் அதே மஃப்ளர்காரர்தான். நான் போய் நின்றேன். கழனிக்காரர் இயர்போனை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“கேளும்மா, தண்ணி எப்பிடி ஓடிக்கினு இருக்குது பாரு!”

அதே டிக், டிக்.

“ஒயர் ஒரசுதுங்க” என்று சொல்லி மஃப்ளர்காரரிடம் கொடுத்தேன். இயர்போனை மாட்டுவதற்கு முன்பே அவர் கண்களை மூடிக்கொண்டார்.