ஈயம் கடித்த வாய்கள்

பல் கட்டும் தொழிலில் ஒரு வசதி உண்டு: எவ்வளவு கோபத்தோடு வந்தவராக இருந்தாலும், வாயைத் திறந்து உட்கார்ந்துவிட்டால் அவரால் நம்மைத் திட்ட முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பாதியிலும் யுத்த காலம் முழுவதும் தர்மபுரியில் பல் பிடுங்கியும் பல் கட்டியும் காலம் தள்ளினேன். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை கற்றவன். ஆனால் "டாக்டர்" என்று கூப்பிட்டவர்களை நான் திருத்தியதும் இல்லை. பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு பேசியிருக்கிற வாசகர்களே, என்னை எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம். என் பல்லை நானே பிடுங்கிக்கொள்ள முடியாது என்பதால், நானும் சேலத்துக்குப் போய் உங்களைப்போல் வரிசையில் நடுங்கியபடி உட்கார்ந்தவன்தான்.

சுரண்டினால் போகாத கோடு

ஊரில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அர்த்தநாரி, அறுபதை நெருங்கியவர். முன்பல் ஆடுகிறது என்று வந்தார். பார்த்தால், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கருநீலமாக ஒரு கோடு, பேனாவால் இழுத்ததுபோல் ஓடியது. அச்சகத்து ஆள், மையாக இருக்கும் என்று சுரண்டினேன். போகவில்லை. வெற்றிலைக் கறை என்று முடிவுசெய்து இன்னும் அழுத்திச் சுரண்டினேன். ரத்தம் வந்ததே தவிர, கோடு அப்படியே இருந்தது.

ரத்தம் நின்றதும் அவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்த உடனே, "வருஷக்கணக்காக ஈயம் உள்ளே போயிருக்கிறது. அதுதான் ஈறு வழியாகத் தலைகாட்டுகிறது. வயிற்றைப் பிசையும், ஈறும் பல்லும் கெடும், கடைசியில் மணிக்கட்டு தொங்கிப்போகும். வயதான உடம்பு தாங்காது" என்றார். ஈயம் எப்படிப் போனது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிழையான எழுத்தை ஊசியால் நெம்பி எடுக்கும்போது, அதற்குப் பதிலாக வைக்கவேண்டிய எழுத்தை அர்த்தநாரி உதட்டில் கவ்விக்கொள்வார். அச்செழுத்தில் பெரும்பங்கு ஈயம். இனி வாயில் வைக்காதீர்கள் என்றேன். அவர் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு சொன்னார்:

"ஒரு கையில அச்சு, ஒரு கையில ஊசி. எழுத்தைப் புடிக்க மூணாவது கை ஒண்ணு கட்டிக் குடுத்துடுங்க டாக்டர், வாயிலயே வெக்கமாட்டேன்."

மீசையின் ஒத்தாசை

என்னிடம் பல் கட்டிக்கொள்ள வந்த பெரியவர்களில் மெல்லுவதற்காக வந்தவர் குறைவு. பேத்தி கல்யாணத்தில் சிரிக்க, பஞ்சாயத்தில் சொல் தெளிவாக விழ, சம்பந்தி வீட்டில் வயதைக் குறைத்துக் காட்ட, இப்படித்தான் காரணங்கள் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் முதல் காரியமாகப் பல்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

மாரண்டஹள்ளியில் கன்னடம் பேசும் தோட்டக்காரர் ஒருவருக்கு மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. ஆனால் கீழ் வரிசை மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒற்றை வரிசையை வைத்துக்கொண்டு எதை மெல்லுவீர்கள் என்று கேட்டேன். பெரிய மீசையை இரண்டு பக்கமும் நீவிக்கொண்டார்:

"மேலே மீசை இதெ சாமி, அது மறைச்சிக்கும். கீழே கட்டுங்க, சிரிக்க அது சாகு, போதும்."

எழுத்து தெரியாதவர் வாயில் அச்சகம்

பென்னாகரம் சந்தையில் நாற்காலி போட்டு உட்கார்வது என் வழக்கம். ஒரு சந்தையன்று ஒகேனக்கல்லிலிருந்து மாதையன் வந்தார். பரிசல் ஓட்டி, ஆற்றில் வலை வீசிப் பிழைப்பவர். தலை முழுக்க நரை. கூட மனைவி முனியம்மாள். மாதையன் வாயில் மிச்சமிருந்த பற்கள் எல்லாம் ஆடின. ஈறைப் பார்த்தேன். அதே கருநீலக் கோடு!

"அச்சாபீஸ்ல வேலை பார்த்திருக்கீங்களா?" என்றேன். "எனக்குக் கைநாட்டுங்க" என்றார். வயிற்றுவலி உண்டா என்று கேட்டதற்கு முனியம்மாள் பதில் சொன்னார்: "சுருட்டிக்கிட்டுப் படுத்துக்குதுங்க. இப்பல்லாம் வலையை வீசினா கை சொன்ன பேச்சு கேக்கறதில்ல." ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. சமையல் பாத்திரம், குடிதண்ணீர், சாராயம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். எதிலும் ஈயம் அகப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மாதையன் காதில் வாங்கவே இல்லை. ஆடின பற்களைப் பிடுங்கி முடித்தேன். மனிதர் முனகக்கூட இல்லை. பஞ்சை எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்:

"கெட்டியாக் கட்டிக் குடுங்க டாக்டரே. பார்வைக்கு எப்படியோ இருந்துட்டுப் போகுது, கடிச்சா எறங்கணும்."

மீன் தின்னவா பல்லு?

பீங்கான் பல் கப்பலில் வரவேண்டும். யுத்தத்தில் கப்பலுக்கு வேறு வேலை இருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து பல் கிடைத்து, சந்தையிலேயே எடுத்துவைத்திருந்த அளவுக்குச் செய்துமுடித்ததும், கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி நானே ஒகேனக்கல்லுக்குப் போனேன்.

மாதையனை அடையாளம் தெரியவில்லை. முகத்தில் ரத்தம் ஓடியது. "வயித்துவலி எங்கியோ ஓடிப்போச்சுங்க, கையும் பேச்சு கேக்குது" என்றார். முனியம்மாள் அதற்காக ஆத்தாளுக்குப் பொங்கலே வைத்துவிட்டார். ஆனால் வீட்டில் மீன் வாசனையே இல்லை. வலையின் ஓரத்தில் பாரத்துக்குக் கட்டிய குண்டுகளில் பாதி உதிர்ந்துவிட்டன, அதனால் வலை ஆற்றின் அடியில் படிவதில்லை, மீன் கீழே நழுவிவிடுகிறது என்றார்கள். அதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

பல்லை மாட்டிவிட்டேன். கண்ணாடியை நீட்டினால் வாங்கவில்லை. நேராக வலையிடம் போனார். தேயிலை வந்த பழைய மரப்பெட்டியின் உள்பக்கத்திலிருந்து உரித்த தகட்டில் ஒரு துண்டு நறுக்கி, வலையின் ஓரக் கயிற்றில் மடித்துச் சுற்றி, கடைவாய்க்குக் கொண்டுபோனார். அந்தத் தகடு ஈயம். வாலிப வயதிலிருந்து ஒவ்வொரு குண்டையும் இப்படித்தான் கடித்துக் கடித்து இறுக்கியிருக்கிறார்! பாய்ந்து தாடையைப் பிடித்து, என் பல்லை நானே திரும்பப் பிடுங்கினேன். தாடையைத் தடவிக்கொண்டு மாதையன் சீறினார்:

"பின்ன எதுக்குங்க எனக்குப் பல்லு? மீனு திங்கவா? முள்ளெடுத்துட்டா அதை ஈறாலயே தின்னுடுவனே!"

வாய்க்கு வெளியே ஒரு பல்

யோசித்துப் பாருங்கள். பல்லைக் கொடுத்தால் மனிதர் மறுபடி சுருண்டு படுப்பார், கை ஒரேயடியாகத் தொங்கிப்போகும். கொடுக்காவிட்டால் வலைக்குக் குண்டு இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது. பல் செட்டைக் கைக்குள் மூடிக்கொண்டேன். ஈயத்தால் வந்த வலிதான் அது, கடிக்காமல் இருந்ததால்தான் போனது என்று சொன்னேன். மாதையன் நம்பவில்லை. முனியம்மாள் நம்பினார். "ஆத்தாளுக்கு வெச்ச பொங்கலை, புடுங்கின உன் பல்லுக்கு வெச்சிருக்கோணும்யா! பொக்கை வாயா இருந்தப்பத்தான் நீ மனுசனா நடமாடினே" என்றார்.

"இடுக்கியில் அழுத்தக்கூடாதா?" என்று கேட்டேன். "கொல்லன் இடுக்கிங்களா? நூலை நறுக்கிப்புடும். பல்லுக்குத்தான் பதம் தெரியும்" என்றார் மாதையன். அப்போதுதான் என் பையில் இருந்த கடைவாய்ப்பல் குறடு நினைவுக்கு வந்தது. பல்லை நொறுக்காமல் கவ்விப் பிடிப்பதற்காக, அதன் வாய் உள்பக்கம் குழிவாக இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். முதல் குண்டை அழுத்தினார். ஈயம் மடங்கி உட்கார்ந்தது. நூல் அறவில்லை. இன்னொன்று. இன்னொன்று. ஓரம் முழுக்க முடித்ததும், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். முனியம்மாளும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

கை உயர்ந்தது. வலை வட்டமாக விரிந்து, ஓரம் முழுதும் ஒன்றாக விழுந்து முழுகியது. இழுத்தபோது உள்ளே மீன்கள் துள்ளின. முனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குறடு திரும்பி வராது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பல் செட்டை நீட்டினேன். மாதையன் அதை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். குறட்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்:

"பல்லைப் புடுங்கினப்பவே இந்தக் கொறடையும் குடுத்திருந்தா, நானு இத்தனை மாசம் பட்டினி கெடந்திருக்க வேணாமுங்களே!"

காலியாகிக்கொண்டே வந்த பை

யுத்தத்தில் வேறு குறடு உடனே அகப்படவில்லை. அடுத்த பென்னாகரம் சந்தையில் கடைவாய்ப் பல்வலியோடு வந்தவர்களைக் கிராம்புத் தைலம் தடவித் திருப்பி அனுப்பினேன். திட்டிக்கொண்டே போனார்கள். அவர்களைத்தான் வாயைத் திறந்து உட்காரவைக்க எனக்கு வழியில்லையே. விஷயம் தர்மபுரி அச்சகம் வரைக்கும் எட்டிவிட்டது. ஒருநாள் அர்த்தநாரி வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை, கையைத்தான் நீட்டினார். பல்லிடுக்கில் பஞ்சு வைக்கிற என் நீளச் சாமணத்தை எடுத்துப் பார்த்தார். மேஜையில் கிடந்த ஊசியை அதனால் கவ்வித் தூக்கினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மூணாவது கை கேட்டிருந்தனே, ஞாபகம் இருக்குதுங்களா டாக்டர்?"

அந்தக் காலத்தில் நான் கட்டிய பல் செட்டுகளில் குறை சொல்லப்படாதது ஒன்றுகூட இல்லை. இன்றுவரை யாரும் குறை சொல்லாதவை, என் கையை விட்டுப் போனபின் யார் வாய்க்குள்ளும் போகாத அந்த இரண்டு இரும்புத் துண்டுகள் மட்டுமே.