பெரிய சிலுவையடியில் சித்தப்பாவுக்கு ஒரு திரி

எங்கள் வீட்டில் சாவிக்கொத்து காணாமல் போனால் யாரும் பதற மாட்டார்கள். அந்தோனியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். காணாமல் போனதைத் தேடிக் கொடுப்பது அவர் பொறுப்பு. கம்மல் திருகாணி, அடைக்கோழி, பக்கத்து வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பாத அரிவாள்மனை என்று அந்தப் புனிதரிடம் நாங்கள் வாங்கிய வேலை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான், போருக்குப் போன சித்தப்பாவின் விமானம் திரும்பவில்லை, அவரைக் காணவில்லை என்று தந்தி வந்த அன்று பெரியவர்கள் ஏன் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. செத்துப்போனார் என்றா வந்திருக்கிறது? காணவில்லை என்றுதானே வந்திருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணிக்கு அவர்தான் தலைவர். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் தோணி, முத்துக்குளிப்பு என்று கடலிலேயே கிடந்தவர்கள். அந்த வம்சத்தில் ஒருவர் மட்டும் எப்படியோ தப்பி வானத்துக்குப் போய்விட்டார். அவர் லீவில் வந்தால் அண்ணனும் தம்பியும் முற்றத்தில் உட்கார்ந்து காற்றைப் பற்றியே பேசுவார்கள். "ஏலே, அங்கன மேலயும் கச்சான் இப்படித்தான் அடிக்குமா?" என்று அப்பா மேற்குக் காற்றைப் பற்றி விசாரிப்பார். சித்தப்பா சிரிக்காமல் விளக்கம் சொல்வார். அப்பாவுக்கு நம்பிக்கை வராது. பாய் இல்லாத வண்டியை ஓட்டுகிறவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மாவிடம் முனகுவார். ஆனால் துறைமுகத்தில் யாரைப் பார்த்தாலும், கேட்கிறார்களோ இல்லையோ, "எந் தம்பி பிளேன் ஓட்டுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு.

சித்திக்குப் பிறந்த ஊர் பெரியதாழை. கலியாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தந்தி வந்த பிறகு அவள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். இந்த வீட்டில் யாரும் அழக்கூடாது. அம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாலே, "எதுக்குக்கா அழுதிய? அவுக வந்துருவாக" என்று அதட்டுவாள். எதிரி நாட்டு வானொலியில் பிடிபட்டவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போய், புரியாத பாஷையில் இரைகிற ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தோனியார் கோயிலுக்குப் போவாள். சித்தப்பாவின் உயரம், நிறம், இடது புருவத்தில் உள்ள வெட்டு எல்லாவற்றையும் நான் புனிதருக்கு விவரமாகச் சொல்லிவிட்டு வருவேன்.

போர் முடிந்தது. பிடிபட்டவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். சித்தப்பா வரவில்லை. சித்தி அப்போதும் சட்டத்தைத் தளர்த்தவில்லை. அப்பாவும் அதை மீறவில்லை.

மறு வருஷம் ஐப்பசியில் சித்தியின் அப்பாவும் அம்மாவும் பெரியதாழையிலிருந்து வந்தார்கள். எனக்குக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள். சித்தி அறையை விட்டு வெளியே வரவில்லை. அவளுடைய அப்பா என் அப்பாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு இன்னும் இருவத்தஞ்சு தெகையல. செத்ததுக்கு உறுதி இல்லாம கோயில்ல மறுகலியாணம் நடக்காதாம். கூடப்பொறந்த அண்ணன் நீங்க, அவரு செத்துட்டாருன்னு ஒத்துக்கிட்டாத்தான் சாமியாரு பிஷப்புக்கு எழுதுவாராம்." நான் மிட்டாயை என் தம்பிக்குத் தெரியாமல் எங்கே ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று சாயங்காலம் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். வெள்ளையடித்துச் செவ்வந்தி மாலை போட்ட கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவோம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. கடலோடு போய் உடல் கரைசேராதவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களுக்கான திரிகளை அந்தச் சிலுவையடியில்தான் ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் அங்கேதான் கூட்டம் அதிகம்.

அப்பா தாத்தாவின் கல்லறையில் ஏற்றிவிட்டுச் சிலுவையடிக்கு வந்தார். தோணியோடு மூழ்கிப்போன அவருடைய மாமாவுக்கு வருஷா வருஷம் ஒரு திரி உண்டு. அதை ஏற்றினார். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு திரியை எடுத்துப் பற்றவைத்து மணலில் ஊன்றினார்.

"அது யாருக்கு அத்தான்?" என்றாள் சித்தி.

அப்பா திரியைச் சுற்றி மணலைக் கூட்டினார்.

"கேக்கேம்லா. யாருக்கு?"

"எந் தம்பிக்கு."

சித்தி குனிந்து, எரிகிற திரியை விரலால் நசுக்கி அணைத்தாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா மறுபடி தீப்பெட்டியை எடுத்தார். நடுக்கடல் காற்றில் ஒரே குச்சியில் பீடி பற்றவைக்கிற மனுஷர், அன்று குச்சி குச்சியாக உரசித் தள்ளினார். ஒருவழியாகப் பற்றியதும் சித்தி மறுபடி அணைத்தாள்.

"ஏம்மா," என்றார் அப்பா, மணலைப் பார்த்துக்கொண்டே. "அவன் இருக்கான் இருக்கான்னு சொல்லிக்கிட்டு ஒன்னயக் கட்டிப்போட்டுருக்கோம். நான் ஒத்துக்கிட்டா ஒனக்கு ஒரு வழி பொறக்கும். ஒனக்கு வயசு கெடக்கு தாயி."

"ஒங்க தம்பியக் குழிக்குள்ள வச்சிட்டு எனக்கு வழி பாக்கியளாக்கும்." சித்தி சத்தம் போடவே இல்லை. "நாளைக்கு அவுக வந்து நின்னா நான் என்ன சொல்லட்டும் அத்தான்?"

அப்பா தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீடு வந்ததும் அவர் நேராகப் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பின்னாலேயே போய்க் கேட்டேன். "எதுக்குப்பா அங்கன திரி ஏத்துனிய? செத்துட்டாருன்னு நெனச்சி அந்தோனியார் தேடுததை விட்டுட்டாருன்னா?"

"விடமாட்டாரு மக்களே. தேடுவாரு," என்றார் அப்பா. சொல்லி முடிக்கவும் அவருக்கு முகம் கோணிக்கொண்டது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எந் தம்பி, எந் தம்பி என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. சித்தி எல்லார் முன்னாலும் அப்படிப் பேசிவிட்டாளே, அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. "அழாதியப்பா, சித்திகிட்ட நான் சொல்லுதேன். ஒங்களத் திட்ட மாட்டா" என்று அவர் முகத்தை என் பாவாடையால் துடைத்தேன். அவர் சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை தோணிக்குக் கிளம்பும்போது அப்பா சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார். "நான் இல்லாதப்ப அவன் வந்தாம்னா, நான் திரும்புத வரைக்கும் இருக்கச் சொல்லும்மா." சித்தி, "சரி அத்தான்" என்றாள். அதன் பிறகு அப்பா சிலுவையடியில் அந்த இரண்டாவது திரியை ஏற்றவே இல்லை. பெரியதாழைக்காரர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். சித்தி மறுகலியாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பும்போது அப்பா அதையே சொல்லிவிட்டுப் போவார், அவளும் சரி என்பாள்.

சித்தப்பா எங்கள் வீட்டில் மறுபடியும் உயிரோடு இருந்தார். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது. தம்பிக்காக அழுவதற்கு அப்பாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு சாயங்காலம்தான் என்பதோ, அதையும் பாதியிலேயே நான் தேற்றி நிறுத்திவிட்டேன் என்பதோ அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.