புகை கசியும் இடம்

என் நைனா படகு என்ஜின் மெக்கானிக். கோட்டைக்குப்பத்தில், எங்கள் வீட்டை ஒட்டி அவர் போட்ட கொட்டகையில் ஒரு பழைய கார் நின்றது. எங்கள் ஊரில் இருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு நைனாவுக்குத் தலைகால் புரியாது.

நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, உப்புக்காற்று அரித்த மேனிஃபோல்டைக் கழற்றிப் போட்டிருந்தார். என்ஜின் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய் அது. துருவைச் சுரண்டி, என்ஜினோடு ஒட்டும் பக்கத்தை அரத்தால் ராவி, இடுக்கில் புகை கசியாமல் அடைக்கப் புது கேஸ்கட் வைத்து, நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பெற்ற பிள்ளைகளிடம் ஒருநாளும் காட்டாத பொறுமை.

வண்டியைக் கிளப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாசமா கீறவளுக்கு மூக்கு நல்லா வேலை செய்யும். எங்கனா பொகை லீக் ஆவுதானு மோந்து பாரும்மா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா அவருக்கு டீ எடுத்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. இருமிக்கொண்டே வந்தாள்.

"தள்ளிப் போமே! உன் பொடவையில அடிக்கிற அடுப்புப் பொகையில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று கத்தினார்.

அந்த அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வைத்துத் தரச் சொல்லி, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டீயை வைத்துவிட்டு அம்மா மறுபடியும் அந்தப் புகைக்குள் போனாள்.

"கார்ல பொகை இல்ல நைனா" என்றேன், 'கார்ல' என்பதை அழுத்தி.

"அப்ப சரி" என்று சந்தோஷமாகப் பானட்டை மூடினார்.