கடலோரத்தில் ஒரு ‘நோ’

இந்த நாட்டில் ஆண்களும் கர்ப்பமாகிறார்கள். நம்பாதவர்கள் இலங்கையில் எங்கள் ஊரான ஓப்பநாயக்கவிலிருந்து விமானம் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம். நான் மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரன். ஒரு காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மேற்பார்வையாளர் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, “நீங்கள் இருவரும் கர்ப்பமாக இருக்கிறீர்களாமே!” என்றார். நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நாற்பத்தாறு வயதில் அந்தச் செய்தியை மறுக்கிற நிலையில் என் வயிறு இல்லை. “ஆமாம், இருவரும்தான்” என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: “பேபிமூனுக்கு எங்கே போகிறீர்கள்?”

தேனிலவு நமக்குத் தெரியும். இது பிள்ளை நிலவு. பிள்ளை பிறந்துவிட்டால் தூக்கமும் கிடையாது, ஊர் சுற்றலும் கிடையாது. அதனால் வயிற்றில் இருக்கும்போதே புருஷனும் பெண்சாதியுமாக ஓர் உல்லாசப் பயணம் போய்வர வேண்டுமாம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சலுகை உண்டு. ஏற்றமான மலையில் கொழுந்து எடுப்பவளை இறக்கி நாற்றுமேடையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றுவார்கள். சம்பளத்தோடு கூடிய அந்த முந்நூறு அடி இறக்கம்தான் எங்களுடைய பேபிமூன்.

என் மனைவி தர்ஷினிக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. அவள் வன்னிக்காரி, கிளிநொச்சிப் பக்கம். இங்கே ஒரு கல்யாண வீட்டுச் சமையலறையில்தான் சந்தித்தோம். நான் பேசுவேன், அவள் கதைப்பாள். நான் சொல்வதில் பாதி அவளுக்குச் சிரிப்பு, அவள் சொல்வதில் பாதி எனக்குப் புதிர். கல்யாணமாகி எட்டு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. இது மூன்றாவது, எட்டாம் மாதம் தொட்டிருந்தது. ஆகவே என் பயத்தை நான் விளையாட்டாகச் சொன்னாலும் அது விளையாட்டில்லை. மருத்துவர், “தாராளமாகப் போய்வாருங்கள்” என்றார். ஓப்பநாயக்கவில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் என் அக்கா அப்படிச் சொல்லவில்லை. தாய்மார் மலைக்குப் போனபின் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. முப்பது குழந்தைகளின் அழுகைக்கு நடுவே தொலைபேசியில் அவள் கத்தினாள்: “எட்டாம் மாசம்டா தம்பி! புள்ளத்தாச்சிய கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறியே, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஊரு சுத்துற வயசாடா இது?”

எனக்குக் கடலைவிட வளைவுகள்தான் பயம். அதற்குக் காரணம் இதே அக்காதான். எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது அக்காவுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வரவில்லை, கொழுந்து லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே அக்காவைப் படுக்கவைத்து, அக்காவின் புருஷன் தலைமாட்டில், இன்னொரு பொம்பளை கால்மாட்டில், நான் டிரைவர் பக்கத்தில். டிரைவர் சுமனே அய்யா சிங்களவர், பக்கத்துக் கிராமத்துக்காரர். ஒவ்வொரு முடக்கிலும் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே “புது அம்மோ! புது அம்மோ!” என்று அலறுவார். பயந்தால், அடிபட்டால், மரம் விழுந்தால் சிங்களவர்கள் வைக்கும் கூப்பாடு அது. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு முடக்கு இருந்தபோது என் மருமகள் கொழுந்துக்கு மேலேயே பிறந்துவிட்டாள். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் வளைவு என்றால் பிரசவம்.

இங்கே அந்தக் கடலோரச் சாலை ஆரம்பிக்கும் இடத்தில் பெரிய மர வளைவு கட்டி, அதன்கீழே நின்று மக்கள் படம் எடுக்கிறார்கள். அதைத் தாண்டினால் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் வளைவு, வளைவு, வளைவு. நீலமும் பச்சையும் வெள்ளை நுரையுமாக ஆளை மயக்கும் அழகு என்று தர்ஷினி பிறகு சொன்னாள். நான் வெள்ளைக் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பின்சீட்டில் இரண்டு சுடுதண்ணீர் பிளாஸ்க், டோர்ச், எலுமிச்சம்பழம், ஒரு கட்டு மெல்லிய பொலித்தீன் சிலிசிலி பை. பலாங்கொடை பஸ்ஸில் போய்ப் பழகியவனுக்கு வாந்திப் பை இல்லாமல் கை ஓடாது. என் வேகத்தைக் கண்டு பின்னால் ஒரு பெரிய ஊர்வலமே சேர்ந்துவிட்டது. முன்னால் சாமித் தேர் போவதைப்போல எங்கள் வெள்ளை டொயோட்டா.

காட்சிமேடை ஒன்றில் ஊர்வலத்துக்கு வழிவிட ஒதுங்கினேன். அரைக்காற்சட்டை போட்ட ஒரு கிழவர் கையில் தேநீரோடு வந்து தர்ஷினியைப் பார்த்துப் புன்னகைத்து, என்னிடம் “ஹௌ ஃபார் அலோங்?” என்று கேட்டார். எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்கிறார் என்று நினைத்தேன். “நூற்றைம்பது கிலோமீட்டர்” என்றேன். “இன்னும் முப்பது இருக்கிறது. வளைவு அதிகம், ஆனால் இருட்டுக்கு முன் முடித்துவிடுவேன்.” கிழவர் நீண்ட நேரம் என்னையே பார்த்தார். பிறகு தர்ஷினியின் பக்கம் திரும்பி, “குட் லக், டியர்” என்றார். எத்தனை மாதம் என்றுதான் அவர் கேட்டார் என்பதைக் காருக்குள் ஏறியபின் தர்ஷினி விளக்கினாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

அதை நான் கவனித்திருக்க வேண்டும். நான்கு வளைவு கழித்து, “சீட்ட பின்னால சாய்க்கவா?” என்றேன்.

“நோ.”

“ஏசிய கூட்டவா?”

“நோ...”

இங்கே வந்து இத்தனை வருடத்தில் ஆங்கிலம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். “எம்மேல கோவமா?”

“ஐயோ, நோ! நோ!”

“சரி, கோவமில்ல. அப்ப ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?”

அவள் என் தோளில் ஓங்கி அடித்தாள். “உங்களுக்கு விசரே? நோ எண்டுறன், விளங்கேல்லையே? வயித்துக்குள்ளை நோ! நாரியும் நோகுது!”

அப்போதுதான் உறைத்தது. அவளுடைய ஊரில் நோ என்றால் வலி. நாரி என்றால் இடுப்பு. எட்டு வருடமாக ஒரே பானையில் சோறு தின்றும், அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னதாக நினைத்து நான் ஏசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“புது அம்மோ!” என்று அலறினேன். பயந்தால் என் நாக்கில் சிங்களம்தான் வரும். எங்கள் பக்கத்தில் கடை, பஸ், ஆஸ்பத்திரி, கிரிக்கெட், சண்டை எல்லாமே சிங்களத்தில். தமிழில் எங்கள் வரிசை வீடான லயத்துக்குள் மட்டும்தான் பயப்படலாம்.

“ஆரப்பா அந்தப் புது அம்மா? நான் இன்னும் அம்மாவாகேல்லை! காரைப் பாத்து ஓடுங்கோ!”

தொலைபேசியில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. இரண்டு மேடு ஏறியபின் உயிர் வந்தது. கர்ப்பிணிகளுக்கான எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். தேன் ஊற்றினாற்போன்ற ஒரு குரல், “தாய்க்கு இப்போது வலி இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டது.

தர்ஷினி பற்களைக் கடித்துக்கொண்டு முழுத் தொண்டையில் பதில் சொன்னாள்: “நோ...! நோ...! நோ...!”

“அருமை” என்றது தேன் குரல். “அப்படியானால் பயணத்தை அனுபவியுங்கள்.”

“மிஸ், அந்த நோ இந்த நோ இல்லை!” என்று நான் கத்துவதற்குள் சிக்னல் போய்விட்டது.

அடுத்த ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். வாசலில் காரை நிறுத்தினேனா, விட்டுவிட்டேனா என்பதும் நினைவில்லை. உள்ளே ஓடி, நம் ஊர் வழக்கப்படி “மிஸ்! மிஸ்! இக்மனட்ட எண்ட!” என்று கூப்பாடு போட்டேன். சீக்கிரம் வாருங்கள் என்று சிங்களத்தில். வெள்ளி முடியுள்ள தாதி ஒருவர் வந்து என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். “உங்களுக்கு என்ன செய்கிறது, டார்ல்?” என்றார்; இங்கே ‘டார்லிங்’ அப்படித்தான் சுருங்கும். பிள்ளைத்தாய்ச்சி எனக்குப் பின்னால் தானாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

தர்ஷினிக்கு நன்றாகவே ஆங்கிலம் தெரியும். ஆனால் வலிக்குத் தெரியவில்லை. என் ஆங்கிலமோ காரிலேயே இறங்கிப்போயிருந்தது. ஆகவே தாதி தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். வந்தது ஒரு சென்னைப் பெண்ணின் குரல்.

“சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?”

“நாரி நோ” என்றாள் தர்ஷினி. “சரியான வருத்தமாக் கிடக்கு.”

பிறகு அந்தப் பெண் ஆங்கிலத்தில் தாதிக்குச் சொன்னாள்: “பெண் வேண்டாம் என்கிறார். மிகவும் துக்கமாக இருக்கிறாராம்.”

தாதியின் முகம் மாறிவிட்டது. பெண்பிள்ளை வேண்டாம் என்று அழுகிற குடும்பமாக்கும் என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். “தங்கச்சி, அவங்க சொல்றது இடுப்பு வலிங்க! வருத்தம்னா சொகமில்லைன்னு அர்த்தம்ங்க!” வன்னித் தமிழை நான் தோட்டத்துத் தமிழாக்க, சென்னைக்காரி அதை ஆங்கிலமாக்க, ஒரு வலி மூன்று கடல் தாண்டித் தாதியிடம் போய்ச் சேர்ந்தது.

சோதித்துப் பார்த்துவிட்டு, “கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்?” என்று தாதி கேட்டார். தர்ஷினி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அவளைத் தண்ணீர் குடிக்க விடாதவன் நான்தான். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், போக வேண்டுமென்றால் பாறைப்படிகளில் இறங்க வேண்டும், இறங்கினால் வழுக்கும் என்று நானே கணக்குப்போட்டு, பிளாஸ்க் இரண்டையும் பின்சீட்டில் சிறைவைத்திருந்தேன். உடம்பில் தண்ணீர் வற்றியதால் வந்த இறுக்கம்தானாம். பிரசவ வலி இல்லை. தண்ணீர் ஏற்ற ஏற்ற வலி குறைந்தது. என்னைத் திட்டும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

ஆனால் தாதி போகவில்லை. தர்ஷினியின் வயிற்றில் பட்டி கட்டி, ஓர் இயந்திரத்தோடு இணைத்திருந்தார். அதிலிருந்து தாள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கோடுகள்: மேலே பிள்ளையின் இதயம், கீழே தாயின் வயிற்று இறுக்கம். கீழ்க்கோடு அடங்கிவிட்டது. மேல்கோடும் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகவே போய்க்கொண்டிருந்தது. “துடிப்பு இருக்கிறது. தூங்குகிறதாக இருக்கலாம்” என்றார் தாதி. “விழித்து அசைந்தால்தான் நிம்மதி.” குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தார். கால் மணி ஆயிற்று. தாளைப் பார்க்கும் அவர் வாயில் ‘டார்ல்’ வருவது நின்றுவிட்டது. “பேசிப்பாருங்கள். உங்கள் குரல் அதற்குத் தெரியும்” என்றார்.

தர்ஷினி வயிற்றைத் தடவினாள். “என்ரை குஞ்செல்லே, எழும்பு ராசா. அம்மாவைப் பயப்பிடுத்தாதை.”

கோடு தட்டையாகவே ஓடியது.

நான் குனிந்தேன். “எந்திரி சாமி. அப்பா பேசுறேன்டா, எந்திரி.” ஒன்றுமில்லை. இதே மாதிரி இரண்டு அறைகளில், இரண்டு முறை, அசையாத இரண்டு வயிறுகளுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். என் நாக்கு என் கையிலிருந்து நழுவி, எழுந்திரு பாப்பா என்று சிங்களத்தில் கெஞ்சியது.

“அனே பபோ! நெகிட்டின்னகோ! பஹின்ன எப்பா, பபோ, பஹின்ன எப்பா!”

‘பஹின்ன’ என்றதும் தர்ஷினியின் உடம்பு விறைத்தது என் கைக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அது: இறங்கு. பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோது சோதனைச்சாவடியில் சிப்பாய்கள் பஸ்ஸுக்குள் ஏறிச் சொன்ன சொல். அந்தச் சொல்லுக்கு இறங்கிய அவளுடைய சித்தப்பா ஒருநாள் திரும்ப ஏறவில்லை. எனக்கோ அது இரத்தினபுரி பஸ் கொண்டக்டர் தினமும் என் பெயர்போலக் கூவிய சொல். வீட்டில் அதை நான் வாய்தவறியும் சொன்னதில்லை.

அப்போது அவள் வயிற்றின் ஓரம் ஒரு முட்டி எழும்பி நகர்ந்தது. மேல்கோடு துள்ளி ஏறியது.

தாதி “ஓ!” என்றார். நாங்கள் மூவரும் தாளையே பார்த்தோம். தர்ஷினி மெல்லக் கேட்டாள்: “பஹின்னவுக்குப் பிறகு என்ன சொன்னனீங்கள்?”

“எப்பான்னேன். வேணாம்னு அர்த்தம். இப்ப எறங்க வேணாம், இன்னும் நம்ம பஸ் ஹோல்ட் வரலன்னேன்.”

அவள் என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்தாள். “இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கோடு மறுபடி ஏறியது. தாதி பேனையை எடுத்து அந்த மேட்டுக்கு நேரே ஓர் அம்புக்குறி போட்டு, “இதைக் குறித்து வைக்க வேண்டும். என்ன மொழி அது?” என்று கேட்டார். என் மொழி என்று சொன்னால் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய். தர்ஷினிதான் பதில் சொன்னாள், அப்பா என்பதைத் தெளிவான ஆங்கிலத்தில்: “டாட் என்று எழுதுங்கள்.”

அந்தத் தாளின் பிரதி இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. மேலே மகளின் கோடு, கீழே தாயின் கோடு. எனக்கென்று அதில் கோடு இல்லை. ஓப்பநாயக்கத் தமிழன் சிங்களத்தில் கெஞ்சியதை, வன்னிக்காரி சொல்லச்சொல்ல, ஆஸ்திரேலியக்காரி இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் நீல மையால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். கொஞ்சம் சாய்வாக.