ஒற்றைக் கட்டத்தில் தண்ணீர்

நகரமைப்பு அலுவலகத்தில் அவளைக் ‘கட்டம் அக்கா’ என்பார்கள். பதினெட்டு வருஷமாக வேலையே கட்டம் பார்ப்பதுதான். செயற்கைக்கோள் படம் வரும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம். இது கட்டடம், இது தண்ணீர், இது காலி நிலம் என்று கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு வண்ணம் அடித்துத் தள்ளும். அது உளறியதை இவள் திருத்த வேண்டும். கண்ணாடி பவர் நாலு தடவை ஏறியது. பதவி ஏறவில்லை.

இந்த வருஷப் படத்தில் கிழக்குப் புறநகரில், வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கட்டம் தண்ணீர் என்று வந்திருந்தது. நீலத் தகரக் கூரையாக இருக்கும். நீலம் என்றாலே தண்ணீர்தான், கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் அறிவு. ஆனாலும் சந்தேகம் என்றால் நேரில் பார்த்துப் படிவம் எழுத வேண்டும், அதுதான் விதி. தெருப் பெயரை இரண்டு தடவை படித்தாள். தம்பி வீடு இருக்கிற தெரு.

போய்ப் பார்த்தால் நீலக் கூரை தம்பி வீட்டு மாடியிலேயே இருக்கிறது.

“அக்கா! போன் பண்ணியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே?”

“ஆபீஸ் வேலைடா. உன் வீட்ல தண்ணி இருக்கான்னு பாக்கணும்.”

“குழாயிலயா? அது ரெண்டு நாளைக்கு ஒரு தரம்தான்.”

அவள் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தாள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம்.

“மழை பெஞ்சா தரையிலேருந்தே ஊறுது அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. “தெருவுல அறுபது வீடும் இப்படித்தான்.”

“வரைபடத்துல காலி நிலம்னுதானே இருந்தது?” என்றான் தம்பி. “எங்கக்கா ஆபீஸ் வரைபடமாச்சேன்னு கண்ணை மூடிட்டு வாங்கினேன்.”

அலுவலகத்துக்கு வந்து பழைய படங்களைத் தோண்டினாள். அங்கே இருந்தது ஏரி. மழைக்காலப் படங்களில் பளிச்சென்று தெரிந்தது. ஏழு வருஷம் முன்பு மழைக்காலப் படத்தில் மேகம் மூடியிருந்ததால், சோம்பல்பட்டு, கோடைப் படத்தை மட்டும் பார்த்துக் காலி நிலம் என்று குறித்தவள் அவளேதான். வறண்டு வெடித்துக் கிடந்த ஏரியை மனைகளாகப் பிரிக்க அந்த வரைபடம் போதுமாக இருந்தது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

“நீலக் கூரை, கட்டடம்னு திருத்திட்டுப் போங்கம்மா. எதுக்கு வம்பு?” என்றார் பிரிவு அதிகாரி.

அப்படித் திருத்தினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அறுபது குடும்பமும் ஈரத்திலேயே கிடக்கும். தப்பு அலுவலகத்துடையது என்று எழுத்தில் இருந்தால்தான் அவர்கள் மாற்று இடம் கேட்க முடியும். எழுதினால் இவள் வேலை போகும். பயமாகத்தான் இருந்தது. எழுதினாள்.

அதிகாரி படிவத்தை இரண்டு முறை படித்தார். “என்னம்மா இது? கோடைப் படத்தை வெச்சுக் குறிச்சது யாருன்னு பழைய கோப்புல பேரே இல்லையே. முதலெழுத்து மட்டும்தான் இருக்கு. யாரோன்னு விட்டுடலாமே!”

“அதனாலதான் சார், இதுல முழுப் பேரும் போட்டிருக்கேன்.”