பேச்சில்லாத படகு

அலுவலக வளாகத்தின் மூன்று குளங்களும் அவள் பொறுப்பில் இருந்தன. சம்பங்கோரையைத் தண்ணீருக்குக் கீழே வைத்து வெட்டுவாள். மேலே விட்டால் மிச்சத் தண்டு வழியாக வேர் மூச்சு வாங்கி மறுபடி தழைத்துவிடும். பாசியை நீண்ட வாரியால் கரைக்கு இழுப்பாள். கணவன் இறந்த ஓராண்டுக்குள் ஒரு எலக்ட்ரீஷியனை மறுமணம் செய்துகொண்டவள். அதற்கு யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை.

உதவிக்கு ஆள் கேட்டபோது மேற்பார்வையாளர் அனுப்பிய பெண்ணைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. வந்தவள் இறந்த கணவனின் தங்கை. மறுமணத்திலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் இருவருக்குமே வேலை தேவைப்பட்டது. ஒரே படகில் ஏறினார்கள். ஒருத்தி வெட்ட, மற்றவள் வாரினாள்.

“அந்த மூலையில இன்னும் கோரை நிக்குது” என்பாள் நாத்தனார், கரையிலிருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்து.

“கம்பத்துக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது” என்பாள் அவள்.

இப்படியே வருடங்கள் ஓடின.

ஒரு கோடையில் பெரிய குளத்தைப் பாசி மூடிவிட்டது. பாசி கொல்லும் மருந்தைப் பகுதி பகுதியாகத்தான் தெளிக்க வேண்டும். அவளுக்குத் தெரியாததல்ல. அன்று வெயிலில் அலுத்துப்போய் மொத்தக் குளத்துக்கும் ஒரேயடியாக அடித்துவிட்டாள். நாத்தனார் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டாள்.

செத்த பாசி அழுகி, தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டது. ஒரு காலையில் வந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவள் கரையில் உறைந்து நின்றாள்.

“அண்ணி! இப்படியே நின்னா எப்படி? மோட்டாரைப் போடுங்க!”

அவள் ஓடினாள். குழாய்த் தண்ணீரைக் குளத்தின்மேல் பீய்ச்சியடித்தார்கள். அழுகிய பாசியைக் கை ஓயும்வரை வாரினார்கள். பெரிய மீன்கள் செத்து மிதந்தன. சிறியவை பல பிழைத்தன.

“யார் பண்ண வேலை இது?” என்றார் மேற்பார்வையாளர்.

“நான்தான் சார்.”

“நானும் கூடத்தான் இருந்தேன். தப்புன்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல” என்றாள் நாத்தனார்.

திட்டு வாங்கினார்கள், வேலை தப்பியது. மீன்களைப் புதைக்கக் குழி வெட்டும்போது அவள் கேட்டாள்: “நான் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுல உனக்கு அவ்வளவு கோபமா?”

“கல்யாணத்துல இல்ல அண்ணி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

அவள் இன்னும் இரண்டு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டாள். “சொல்லியிருக்கணும்” என்றாள்.

இப்போது படகில் சத்தம் ஓய்வதில்லை. எந்தக் கரையில் தொடங்குவது என்பதற்குக்கூடச் சண்டை. ஞாயிறுகளில் நாத்தனார் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். எலக்ட்ரீஷியன் “வாங்க” என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுகிறார்.